மிச்சத்துக்கு வைத்த பெயர்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. அறிவியல் மாத இதழ் ஒன்றுக்கு, ஒரு போனுக்கு எதற்கு இரண்டு மூன்று ஆன்டெனா என்று கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வருடம் 2009. பல ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசினால், கேட்கிற பக்கம் யார் என்ன பேசினார்கள் என்பதை எப்படிப் பிரித்தெடுக்கிறது? இதுதான் விஷயம். எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதுபோல எழுத கதையில் இடமுண்டு, கட்டுரையில் கிடையாது. ஆகவே விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இதையே பாடமாக நடத்துகிற இளம் விரிவுரையாளர் ஒருவரைத் தேடிப் போனேன்.

அவர் நன்றாகத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டார். கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது.

"சார், இதுக்கு மேல சொன்னா உங்க கட்டுரைக்கு ஆகாது" என்றார்.

"பரவாயில்லை, சொல்லுங்க."

சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய சாத்தூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தட்டியபோது பஸ் கோவில்பட்டியை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டுரையை நான் எழுதவே இல்லை.

(பெயர்களை மாற்றிவிடச் சொன்னார். மாற்றிவிட்டேன். இனி வருகிற எல்லாருக்கும் நான் வைத்த பெயர்கள்தான். அவரைப் பானுப்பிரியா என்று அழைக்கிறேன்; மாணவியாக வரும்போது 'அவள்', என்னிடம் பேசும்போது 'அவர்'.)

2.

எப்படித் தொடங்குவது? எழுதிப் பார்த்த தொடக்கங்களை மறைக்காமல் வைக்கிறேன்.

'அன்று மத்தியானம் தாயில்பட்டிப் பக்கம் வானத்தில் ஒரு கரும்புகை' — வேண்டாம். பட்டாசு செய்கிற எங்கள் பக்கத்துச் செய்தி எல்லாம் இப்படித்தான் தொடங்கும். படிக்கிறவர்கள் "மறுபடியுமா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

'அனுப்புகிற பக்கம் இரண்டு ஆன்டெனா, வாங்குகிற பக்கம் இரண்டு ஆன்டெனா இருப்பதாகக் கொள்வோம்' — இதை நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டார்.

'வேலுத்தாய் செத்துப்போனாள்.'

இதை வைத்துக்கொள்கிறேன். 2006ஆம் வருடம் ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஊரில் யாரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பெற்ற மகளைக் கேட்டிருந்தாலும்.

3.

வேலுத்தாய் பானுப்பிரியாவின் அம்மா. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைக்கிறவள். புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள்தான் எல்லாம். மகள் பி.இ. முடித்து எம்.இ.யும் சேர்ந்துவிட்டாள் என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. என்ன படிக்கிறாள் என்பதில் மட்டும் குழப்பம்.

"என்னதாம்பிள்ள படிக்க?"

"சேந்து பேசுற சத்தத்தப் பிரிக்கிறதும்மா."

"அதுக்கு ஒரு படிப்பாக்கும்? ரூமுல நானும் பாலம்மாவும் சேந்துதான் பேசுறோம். ஃபோர்மேன் என்னைய மட்டும் வையுதாரு. அவரு எந்தக் காலேஜுல படிச்சாராம்?"

பாலம்மாள் அதே அறையில் வேலுத்தாய்க்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். விஸ்வநத்தத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். பானுப்பிரியாவுக்கு அவள் சித்தி முறை. ரத்தச் சொந்தமில்லை, அழைத்துப் பழகிய சொந்தம். இரண்டு பெண்களும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே ஒல்லி. (கதைக்காரனுக்கு இது வசதியாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஒருத்தியைக் குண்டாக்கிப் பார்த்தேன். கதையே நடக்கவில்லை.)

இனி அந்தப் பாடம். பானுப்பிரியா எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் ஊர்ப்பெயரைக் கூவுகிறார்கள். இந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள், அந்தப் பக்கம் உங்கள் தம்பி. இருவர் காதிலும் இரண்டு குரலும் கலந்துதான் விழும்; ஆனால் ஒரே அளவில் கலந்திருக்காது. உங்களுக்கு ஒரு குரல் தூக்கல், தம்பிக்கு இன்னொன்று. இருவரும் கேட்டதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். பிரிக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று பொறுமைக்காரர் வழி. முதல் ஆள் இதைச் சொல்லியிருந்து, இரண்டாம் ஆள் அதைச் சொல்லியிருந்தால் நம் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று, சாத்தியமான எல்லா ஜோடியையும் வைத்துப் பார்ப்பது. உண்மையில் காதில் விழுந்ததோடு எந்த ஜோடி அதிகம் ஒத்துப்போகிறதோ அதுதான் விடை. தப்பு மிகக் குறைவு. ஆனால் ஆன்டெனா கூடக் கூட ஜோடிகள் பெருகிப் பெருகிக் கணினி திணறிவிடும்.

மற்றது அவசரக்காரர் வழி. எந்தக் குரல் தூக்கலாக இருக்கிறதோ அதை முதலில் முடிவு செய். கேட்டதிலிருந்து அதைக் கழி. மிச்சம் இருப்பது மற்றவர் குரல். வேகமான வழி, எல்லாருக்கும் பிடித்த வழி. முதல் முடிவு தப்பாகிவிட்டால்? தப்பைக் கழித்தால் மிச்சமும் தப்பாகத்தான் இருக்கும். அதைவிட மோசம் என்னவென்றால், தப்பு என்று அது நம்மிடம் சொல்லாது. ஒரு விடை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கும்.

இந்த அவசரக்காரர் வழியில் பேர்போன ஒன்றைத்தான் பானுப்பிரியா எம்.இ.க்கு எடுத்திருந்தாள். வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று ஏதோ சில சொற்களின் முதல் எழுத்தைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்திருந்தது. வி-பிளாஸ்ட். பிளாஸ்ட் என்றால் வெடிப்பு. அம்மாவிடம் அந்தப் பெயரை மட்டும் அவள் சொன்னதில்லை.

(இது என் கற்பனையாக இருந்திருந்தால் முதல் திருத்தத்திலேயே அடித்திருப்பேன். உண்மையிலேயே அதுதான் பெயர். அடிக்க எனக்கு உரிமையில்லை.)

4.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. சிக்னலின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பிழை குறைந்துகொண்டே வர வேண்டும். கோடு கீழே இறங்கி, ஓர் இடத்தில் படுத்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு பலம் கொடுத்தாலும் இறங்க மறுத்தது. ஏன் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தாய்மாமா முனியராஜ்.

"பானு, எங்கன இருக்க?"

"காலேஜுல மாமா."

"கெளம்பி வந்துரு."

"ஏன் மாமா, என்ன?"

"வந்துரு தாயி. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

சிவகாசி போகிற பஸ்ஸில் எல்லாரும் அந்த வெடிவிபத்தைத்தான் பேசினார்கள். எந்தக் கம்பெனி என்று ஒருவர் சொன்னார். எந்த அறை என்று இன்னொருவர் சொன்னார். அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. காது மட்டும் அவள் அனுமதி இல்லாமல் கேட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். ஃபோர்மேன் கண்ணுச்சாமி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். புருவமும் முன்தலை முடியும் பொசுங்கியிருந்தன. சட்டை முழுக்கக் கரி, கைகளில் கட்டு. அறையில் இருந்தது இரண்டே பேர் என்றார்கள். ஒருத்திக்கு உயிர் இருந்தது, மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருத்தி அங்கேயே போய்விட்டாள்.

"பாலம்மாவ நாந்தாந் தாயி தூக்கி வண்டியில ஏத்துனேன்" என்றார் கண்ணுச்சாமி. "மூச்சு இருந்துச்சு. இந்தக் கையாலதான் தூக்குனேன்."

"எங்கம்மா?"

அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டார். வேறு பதில் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் காட்டினார்கள். மெட்டி, வளையல், கொலுசு எதையும் உள்ளே போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அடையாளம் என்று எடுத்துக் காட்ட அங்கே எதுவும் இல்லை. அவள் துணியை விலக்கக் கையை நீட்டினாள். முனியராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாந் தாயி. பாத்தேன்னா ஆயுசுக்கும் இந்த மொகந்தான் நிக்கும். ஒங்காத்தாவ நீ நேத்துப் பாத்தபடியே வச்சுக்க."

போலீஸ்காரர் கேட்டார்: "உங்க அம்மாதானம்மா?"

"ஆமா" என்றாள் பானுப்பிரியா.

(விரிவுரையாளரிடம் நான் கேட்டேன்: "கையை, காலையாவது பார்க்கலையா?"

"நான் பாக்கவே இல்ல சார்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

5.

ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். முனியராஜ் அக்காவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார். கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண்கள் வந்து, பானுப்பிரியாவைக் கட்டிப்பிடித்து, வேலுத்தாயின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவளும் அழுதாள். குரல் போய், சத்தம் வராமல் அழுதாள்.

அதன் பிறகு வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. அம்மாவின் சேலைகள் கொடியில் அப்படியே கிடந்தன. எடுத்து மடிக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். ஆய்வின் இரண்டாம் கட்ட மதிப்பீடு நெருங்கியிருந்தது. வழிகாட்டியாக இருந்த அருணாதேவி மேடம், "தள்ளி வச்சுக்கலாம் பானு, நான் பேசிக்கிறேன்" என்றார்.

"இல்ல மேடம். பேசாம இருந்தாத்தான் கஷ்டமா இருக்கு."

மதிப்பீடு அன்று மூன்று பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அந்தக் கோடு. இறங்கி வந்து படுத்துவிட்ட கோடு. மூவரில் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, சிக்னல் இவ்வளவு பலமா இருக்கு. ரெண்டாவது ஆன்டெனாவுல மட்டும் பிழை ஏன் குறைய மாட்டேங்குது?"

அவள் பாடமாக வைத்திருந்த பதிலைச் சொல்லத் தொடங்கினாள்.

"இந்த முறையில முதல் சிக்னலை முடிவு பண்ணிட்டா, அடுத்ததைத் தேட வேண்டியதில்ல சார். கழிச்சாப் போதும். அதனால முதல் முடிவு தப்பாப் போனா அதை யாரும் மறுபடி சோதிக்கிறதில்ல. சொல்லப்போனா, ரெண்டாவதை நாம கண்டுபிடிக்கிறதே இல்ல சார். முதலாவதைக் கழிச்ச மிச்சத்துக்குப் பேரு—"

நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா" என்றார் அவர். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அவள் கண்ணில் இல்லை.

அம்மாவை யார் அடையாளம் சொன்னது?

நான்.

எதைப் பார்த்து?

எதையும் பார்க்கவில்லை. பாலம்மா சித்தி மதுரையில் உயிரோடு இருக்கிறாள் என்றார்கள். அறையில் இருந்தது இரண்டே பேர். அதனால் இது அம்மா.

அப்படியென்றால் அம்மாவை யாருமே அடையாளம் காணவில்லை. மாமா காணவில்லை. போலீஸ் காணவில்லை. பாலம்மாவைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு வேலுத்தாய் என்று பெயர் வைத்துப் புதைத்துவிட்டோம்.

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அருணாதேவி மேடம் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். மயக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். "பாவம், அம்மா போயி..." என்று யாரோ சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வாக்கியம் முடிவதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

6.

கண்ணுச்சாமி வீட்டில்தான் இருந்தார். கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். பாலம்மா சித்தியத் தூக்குனீகள்ல, அது அவுகதான்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"என்ன தாயி இப்படிக் கேக்க? தெரியாதா எனக்கு? எத்தன வருசமா வேல பாக்குதாக."

"மொகத்தப் பாத்தீகளா?"

"மொகம்..." என்றார். கண்ணை மூடித் திறந்தார். "சட்டையப் பாத்தேன் தாயி."

அங்கே பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டுதான் மருந்து அடைப்பார்கள். பாலம்மாள் போடுவது புருஷனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. வேலுத்தாய் போடுவது தம்பி முனியராஜ் கொடுத்த பழைய காக்கி.

"நீலக் கட்டம். முதுகுப் பக்கம் எரியாமக் கெடந்துச்சு. பாத்த ஒடனே, ஏ பாலம்மாடான்னு கத்துனேன். கூட ஓடியாந்த பயலுகளும் ஆமான்னாங்க. வேற என்ன..."

அவள் ஏன் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு எட்டியது. கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

(அந்தச் சட்டை ஏன் கைமாறியது? காரணம் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இருவருக்கும் சண்டை வந்து சமாதானமானார்கள் என்று எழுதினேன். ஃபோர்மேனை ஏமாற்ற விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதினேன். ஏதோ பெரிதாக ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும் என்று எனக்குப் பட்டது. உண்மைக் காரணம் பின்னால் வருகிறது; நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.)

7.

மதுரை பஸ்ஸில் அவளுக்குச் சாமி கும்பிடத் தோன்றியது. கையைக் கூப்பினாள். அடுத்த நொடியே பிரித்துவிட்டாள். எதைக் கேட்பது? அம்மா உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்டால், பாலம்மா சித்தி செத்திருக்க வேண்டும் என்று கேட்டதாகாதா? இரண்டும் ஒரே வேண்டுதல்தான். இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்கிற சாமி இருந்தால் அந்தச் சாமியிடமே தனக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

இது வெறும் ஆசையாகவும் இருக்கலாம். செத்தவர்களின் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படி ஒரு நினைப்பு வரும். தெருவில் போகிறவர்களின் முதுகெல்லாம் அம்மாவின் முதுகாகத் தெரியும். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

தீக்காயப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் ஊர்க்காவலன் உட்கார்ந்திருந்தார். பாலம்மாளின் புருஷன். லாரியில் லோடு ஏற்றுகிறவர், அகலமான ஆள். வெடிப்பு நடந்த நாளிலிருந்து அந்தப் பெஞ்சை விட்டு அசையவில்லை என்று நர்ஸ் பின்னால் சொன்னாள். அவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வா தாயி. ஒங்கம்மா எழவுக்குக்கூட என்னால வர முடியல. மனசுல வச்சுக்கிடாத. இவள இப்படிப் போட்டுட்டு..." குரல் இறங்கியது. உடனே நிமிர்ந்தது. "ஆனா இன்னைக்கு டாக்டரு ஒரு நல்ல வார்த்த சொன்னாரு. பொழச்சுக்கிருவாளாம். ஏம் பாலம்மா பொழச்சுக்கிருவாளாம் தாயி!"

அவர் சிரித்தார்.

"பேசுனாகளா சித்தப்பா?"

"தொண்டையில கொழாயி விட்டுருக்காக. கண்ணு வீங்கித் தெறக்க முடியல. மொகம் பூராங் கட்டு. நான் கண்ணாடிக்கு இங்கிட்டு நின்னு பேசுவேன். காது கேக்குமாம்."

"தாலி?"

"நானும் கேட்டேன். இல்லன்னுட்டாக. அந்தத் தீயில மஞ்சக்கயிறு நிக்குமா? போகுது போ, வேற கட்டிக்கிரலாம்."

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் நியாயமாகவும் இருந்தது. வேலுத்தாய் தாலியில்லாதவள்.

"நான் உள்ள போயிப் பாக்கட்டுமா சித்தப்பா?"

"பாரு தாயி, பாரு. ஒங்கொரலக் கேட்டா சந்தோசப்படுவா." அவரே நர்ஸிடம் போய்க் கெஞ்சினார்: "இவ கூட வேல பாத்தவளோட மக, சிஸ்டர். ஆத்தாளப் பறிகுடுத்துட்டு வந்திருக்கா. ஒரு எட்டு விடுங்க."

8.

இங்கே வந்துதான் நான் பல நாள் நின்றேன். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? கழுத்தில் ஒரு மச்சம் என்று எழுதினேன். கழுத்து முழுக்கக் கட்டு. விரலில் பழைய தழும்பு என்று எழுதினேன், விரலிலும் கட்டு. தாய்க்கும் மகளுக்கும் சொல்லாமலே தெரியும் என்று எழுதினேன். எழுதிய எனக்கே கூசியது.

வெளியே தெரிந்தது பாதங்கள் மட்டும்தான். அவள் குனிந்து பார்த்தாள். வெடித்த குதிகால், தேய்ந்த நகம். யாருடைய பாதமாகவும் இருக்கலாம். இத்தனை வருடம் கூடவே இருந்தும் அம்மாவின் பாதத்தைத் தான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வார்டில் அவளை முதலில் உலுக்கியது அதுதான் என்று என்னிடம் சொன்னார்.

பிறகு அவள் செய்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டா அதுவும் அவசரந்தான் சார். ரெண்டு பேரையும் சமமா வச்சுக் கேக்கணும்னு நெனச்சேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அழுகை கலக்காத குரலில், பாடம் நடத்துவதுபோலச் சொன்னாள்:

"நான் ரெண்டு பேரு சொல்லப்போறேன். உங்க பேரு வந்தா மட்டும் கால் பெருவெரல அசைங்க. பாலம்மா."

காத்திருந்தாள். இயந்திரத்தின் சத்தம். பாதம் அசையவில்லை.

"வேலுத்தாயி."

வலது காலின் பெருவிரல் மேலே எழுந்தது. அதோடு நிற்கவில்லை. ஐந்து விரலும் விரிந்து, மடங்கி, விரிந்து, பாதம் முழுக்கப் படுக்கையில் அடித்தது. தண்ணீருக்கு வெளியே போட்ட மீன்போல அடித்தது.

அருகில் நின்ற நர்ஸ் மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ கேளுங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "மாத்திக் கேளுங்க."

"வேலுத்தாயி." அசைந்தது.

"பாலம்மா." அசையவில்லை.

"அம்மா" என்றாள் பானுப்பிரியா. புதைத்துவிட்டு வந்த அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

அப்போது கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காவலன். இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கத்தினார். சத்தம் மங்கலாகத்தான் உள்ளே வந்தது.

"அசைக்கா! கால அசைக்கா! ஏம் பாலம்மா கால அசைக்கா!"

9.

அவள் வெளியே வந்த நிமிடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன். பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தவிக்கவிடுவது நோக்கமில்லை.

தாயிடமும் மகளிடமும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். உறுதியானது. வேலுத்தாய் பிழைத்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வலது கை முழுக்க மடங்காது. பேச்சு வர மாதக்கணக்காயிற்று. வந்த பிறகு மகளிடம் சொன்னாள்:

"அந்த மனுசன் வந்து வந்து பாலம்மா, பாலம்மான்னு கூப்புடுதாரு. நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்ங்காரு. கடங்கிடன் வாங்கியாவது உன்னைய நடக்க வச்சிருவேன்ங்காரு. நான் அவ இல்லன்னு சொல்ல எனக்கு வாயி இல்ல. அவ எங் கண்ணு முன்னாடி எரிஞ்சத நாம் பாத்தேன். அதையுஞ் சொல்ல வாயி இல்ல. கடைசியில ஒரு நாளு, சரி, பாலம்மாவாவே இருந்துட்டுப் போறேன், இந்த மனுசன் அழாம இருக்கட்டும்னு நெனச்சுட்டேன் பிள்ள."

சட்டை மாறிய காரணத்தையும் அவள்தான் சொன்னாள். காக்கிச் சட்டை கக்கத்தில் கிழிந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்த பாலம்மாள், "கழட்டிக் குடு, சாயங்காலம் வீட்டுல தச்சுக் கொண்டாரேன், அதுவரைக்கும் இந்தக் கிழிசல நாம் போட்டுக்கிறேன், எனக்குக் காத்தோட்டமா இருக்கும், நீ என்னோடதப் போட்டுக்க" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். நான் கற்பனை செய்த சண்டையும் விளையாட்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாமல் ஓடிப்போயின.

ஊர்க்காவலன் ஒரு நாள் தாயில்பட்டிப் பக்கம் அந்த இடுகாட்டுக்கு வந்தார். தன் ஊரில்லை, தன் சனமில்லை. யாரோ ஊரின் மண்ணில் அவர் பெண்டாட்டி இன்னொருத்தி பெயரில் கிடந்தாள். பானுப்பிரியாதான் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினாள். மண்மேடு மழையில் இறங்கியிருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இவளுக்கு யாரு தாயி அழுதா?"

"நான் அழுதேன் சித்தப்பா."

"நல்லா அழுதியா?"

"கொரலு போற வரைக்கும் அழுதேன்."

அவர் தலையை ஆட்டினார். தோண்டி எடுத்து விஸ்வநத்தத்துக்குக் கொண்டுபோக அனுமதி வாங்கித் தருவதாக அதிகாரிகள் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

10.

இனி, ஒதுக்கி வைத்த அந்த நிமிடம்.

வார்டின் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வருகிறாள். அவளுக்கு அம்மா கிடைத்துவிட்டாள். எதிரே, தன் மனைவி பிழைத்துவிட்டாள் என்று நம்புகிற ஒரு மனிதர், அன்றுதான் முதன்முறையாகச் சிரித்த முகத்தோடு நிற்கிறார்.

ஒரு பிரதியில் அவளைப் பேச வைத்தேன். வாசலிலேயே, ஒரே வாக்கியத்தில். படித்தால் அவள் கல்நெஞ்சுக்காரியாகத் தெரிந்தாள். இன்னொன்றில் நர்ஸ் முந்திக்கொண்டு டாக்டரை அழைத்து வருகிறாள், டாக்டர் சொல்கிறார். அதில் பானுப்பிரியா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் ஆனாள். வேறொன்றில் அவள் எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரைக்குமாவது அந்தச் சிரிப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று, அவர் வாங்கிக் கொடுத்த டீயைப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிறாள். எழுதும்போது இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் படித்தபோது இதுதான் மிகவும் கொடூரமாக இருந்தது.

எது நடந்தது என்று பானுப்பிரியாவிடமே கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீங்க சார். அவரும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல."

ஆகவே என்னால் எழுத முடியாது. கதவு வரைக்கும் உங்களைக் கொண்டுவந்து விடுகிறேன். அவள் கையில் அம்மாவின் பாதத்துச் சூடு இன்னும் இருக்கிறது. கதவு திறக்கிறது. ஊர்க்காவலன் இரண்டே எட்டில் அருகே வந்துவிடுகிறார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மூச்சு வாங்க, குரலைத் தணித்துக்கொண்டு, புதுமாப்பிள்ளையின் கூச்சத்தோடு கேட்கிறார். அவளைக் கேட்கவில்லை. இந்த இடத்தில் நிற்பது நீங்கள்தான்.

"என்ன தாயி சொன்னா? என்னையக் கேட்டாளா?"